வைரம் பாய்ஞ்ச கட்டையும் சுருட்டுப் பேனாவும்

இந்த வாட்டி மழை, மாடு, தேங்காய் விலை எதுவும் எழுதப் போறதில்லை. பேனாவைப் பத்தி எழுதப் போறேன். மரத்துல கடைஞ்ச பேனா. நடுவுல தடிச்சு, ரெண்டு முனையும் ஒடுங்கி, பார்க்கறதுக்கு அப்படியே சுருட்டு மாதிரி இருக்கும். வெளிநாட்டுல அதுக்கு சிகார் பேனான்னே பேரு. எங்க ஊர்ல சுருட்டுப் பேனான்னு ஆயிடுச்சு.

என் தங்கச்சி பையன் ரெண்டு வருஷமா இதைக் கடையறான். பனியன் கம்பெனியில பவர் டேபிள் டெய்லர். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி வரைக்கும், ஒன்றரை ஷிப்ட். இப்ப அவன் என்ன சொல்றான்னா, "இனி ஒரு ஷிப்ட் மட்டும் போறேன், மிச்ச அரை ஷிப்ட் நேரத்துல பேனா கடையறேன்"ங்கறான். வீட்டுல சண்டை. ஊர்ல பாதிப் பேரு தங்கச்சி பக்கம், பாதிப் பேரு வேடிக்கை. நான் அவன் பக்கம். ஏன்னு விவரமாச் சொல்லணும்னுதான் இது.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். ரெண்டு சென்டிமீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல, 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு மரத்தைச் சதுரக் குச்சியா அறுத்துக்கணும். அதை ரெண்டாத் துண்டு போட்டு, ஒவ்வொண்ணுலயும் நட்ட நடுவுல 10 மில்லிமீட்டர் துளை போடணும். அவசரப்பட்டுத் துளை போட்டா சூடேறி மரம் வெடிச்சுடும். துளைக்குள்ள பித்தளைக் குழாய் ஒண்ணைப் பசை போட்டு இறக்கணும். குழாயை அப்படியே வழவழன்னு விட்டா பசை பிடிக்காது. உப்புத்தாள்ல தேய்ச்சுச் சொரசொரப்பாக்கித்தான் இறக்கணும். காய்ஞ்சதும் ரெண்டு முனையையும் குழாய்க்கு நேராச் சீவிட்டு, கம்பியில கோத்து லேத்துல மாட்டிச் சுத்த விட்டு, உளியை வெச்சுக் கடையணும். சதுரம் உருண்டையாகி, உருண்டை சுருட்டாகும். அப்புறம் உப்புத்தாள் 150, 220, 320, 400, 600ன்னு ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போய்த் தேய்க்கணும். நடுவுல ஒரு நம்பரை விட்டா, மெருகு போட்டப்புறம் கீறல் பல்லைக் காட்டும். கடைசியா மெழுகோ, அரக்கோ, உடனே ஒட்டற பசையிலேயே மெல்லிசா அஞ்சாறு பூச்சோ கொடுத்து, முனை, கிளிப்பு, திருகு எல்லாத்தையும் அழுத்தி மாட்டுனா பேனா. உள்ளே கடையில கிடைக்கற பார்க்கர் ரீஃபில் போடலாம். பழகுன கைக்கு ஒன்றரை மணி நேரம்.

சுருட்டு வடிவம் எதுக்குன்னு நானும் கேட்டேன். "புடிச்சுப் பாருங்க மாமா"ன்னு கையில குடுத்தான். மண்வெட்டியும் அரிவாளும் புடிச்ச கைக்கு, கடையில விக்கற அஞ்சு ரூபாய் பேனா ஈர்க்குச்சி மாதிரி இருக்கும், நிக்காது. இது நின்னுச்சு. யோசிச்சுப் பாருங்க, நம்ம உளிப்பிடி, அரிவாள் பிடி எல்லாமே நடுவுல கொஞ்சம் வயிறு வெச்சுத்தானே ஆசாரி செதுக்குவாரு. மனுசன் விரலை மடக்குனா உள்ளே வர்ற இடம் அந்த உருவம்தான். பேனாவுல இது ஒண்ணும் புதுசில்லை. அமெரிக்காவுல ஷீஃபர் கம்பெனி 1929லயே ரெண்டு முனையும் ஒடுங்குன பேனா விட்டான். அதுக்கு முந்தி பேனா பெரும்பாலும் முனை மழுங்குன குழாய் மாதிரிதான் இருந்துச்சு.

சுருட்டுங்கற பேரைக் கேட்டு மூஞ்சி சுளிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சுருட்டு நம்ம ஊர்ப் பொருள்தான். உறையூர்ச் சுருட்டு, திண்டுக்கல் புகையிலை எல்லாம் கப்பல் ஏறுன சரக்கு. ஷெர்லாக் ஹோம்ஸ்னு துப்பறியும் கதை இருக்கே, 1887ல வந்த அதோட முதல் கதையிலயே தரையில கிடக்கற சாம்பலைப் பார்த்து, இது திருச்சிச் சுருட்டுன்னு கண்டுபிடிப்பாரு. பேரு அவ்வளவு தூரம் போயிருக்கு. குடிச்சா நெஞ்சு போகும், அதை விட்டுத் தொலைச்சது நல்லதுதான். உருவத்தை மட்டும் எடுத்துக்கிட்டு எழுதறதுக்கு வெச்சா யாருக்கு என்ன நட்டம்?

இப்ப மரத்துக்கு வர்றேன். எனக்குக் கோபமே இங்கதான்.

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு இருக்கறது உங்களுக்குத் தெரியும். சுத்தியும் கிளுவை முள் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலா மரம். காங்கயம் மாடு வளர்ந்ததே அந்தக் காட்டுலதான். அந்த வெள்வேலா மரமும், வரப்புல நிக்கற வேம்பும் வாகையும், ரோட்டை அகலப்படுத்தறப்ப வெட்டுன புளியும், காத்துக்கு விழுந்த தென்னையும் எங்கே போகுது? விறகு லாரியில ஏறுது. சாயப் பட்டறை பாய்லருக்கும், செங்கல் சூளைக்கும் போகுது. கட்டை வைரம் பாய்ஞ்சிருந்தாலும் ஒரே விலை, பாயாட்டியும் ஒரே விலை. டன் கணக்குல எடை போட்டு, சாம்பலாக்கறதுக்கு விக்கறோம்.

பாய்லரைக் குறை சொல்லலைங்க. இந்தப் பக்கம் பாதி வீட்டு அடுப்பு எரியறது அந்தக் கம்பெனிகளாலதான். ஆனா நூறு வருஷம் நின்ன புளியமரத்து நடுக்கட்டை, கருஞ்சிவப்பா இரும்பு மாதிரி இருக்கும். அதையும் முருங்கை மரத்தையும் ஒரே தராசுல போடறது எனக்குப் பொறுக்கலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பேனாவுக்கு வேண்டிய குச்சி 52 கன சென்டிமீட்டர். நம்ம மரம் காய்ஞ்சா கன சென்டிமீட்டருக்கு முக்கால் கிராம்னு வையுங்க, குச்சி ஒண்ணு 40 கிராம் வரும். ஒரு கிலோ கட்டையில 25 குச்சி. பட்டை, வெளிக்கட்டை, வெடிப்பு, கணு, ரம்பத்தூள்னு முக்கால் பங்கு வீணாப் போனாலும் கிலோவுக்கு ஆறு பேனா நிக்கும். 100 கிலோ துண்டு ஒண்ணு இருந்தா 600 பேனா. தினம் மூணு கடைஞ்சாலும் ஆறு மாசத்துக்கு மேல ஆகும். அதனால, "இதுக்காக மரத்தை வெட்டச் சொல்றியா"ன்னு என்கிட்டச் சண்டைக்கு வராதீங்க. ஒரு மரத்தைக்கூட இதுக்காக வெட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே விழுந்ததுல ஒரு துண்டை லாரியில ஏத்தாம வெச்சுக்கிட்டாப் போதும்.

எந்த மரம் நல்லாருக்குன்னு அவன் கடைஞ்சு பார்த்ததை வெச்சுச் சொல்றேன். பூவரசு உளிக்கு அடங்கும், காப்பிக்கொட்டை நிறம் வரும். வாகை கரும்பழுப்பு, ரேகை அழகு. வேம்பு சுலபம், ஆனா மெருகு நிக்கறதுக்குப் பாடுபடணும். புளி உளியை மழுங்க அடிச்சுடும், நடுக்கட்டை கிடைச்சா அதுக்கு நிகர் இல்லை. பனை வைரம் கறுப்பும் வெள்ளையுமா நாரோட நிக்கும், கொஞ்சம் ஏமாந்தா நார் பிய்ச்சுக்கிட்டு வந்துடும். பனையை வெட்டறதுக்கு கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க, அது நல்ல காரியம். பழைய வீட்டைப் பிரிக்கறப்ப வர்ற பனஞ்சட்டமே எத்தனையோ இருக்கு, அது போதும். சந்தனம், ஈட்டி பக்கம் போகவே கூடாது. ஈட்டிக்குன்னு 1994லயே தனிச் சட்டம் போட்டாங்க.

எல்லாத்தையும் விட என்னை ஆச்சரியப்பட வெச்சது சீமைக்கருவேலம். 1877 வாக்குல வெள்ளைக்காரன் காலத்துல இந்த நாட்டுக்குள்ள வந்த மரம். நிலத்தைப் பாழாக்குதுன்னு நீதிமன்றம் வரைக்கும் போயி அகற்றச் சொல்லியாச்சு. நமக்கு அது முள், கரி, தொல்லை. அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் இதோட பங்காளி மரம் ஒண்ணு இருக்கு, மெஸ்கீட்னு பேரு. அங்கே கடைசல்காரங்க அதைத் தேடிப் புடிச்சு பேனாவும் கிண்ணமும் பண்றாங்க. ஈரம் ஏறுனாலும் இறங்குனாலும் ரொம்ப முறுக்கிக்காத மரம்ங்கறதுதான் காரணம். இங்கே பையன் கடைஞ்ச சீமைக்கருவேலப் பேனாவைக் கையில வாங்குன ஒருத்தர்கூட அது என்ன மரம்னு சரியாச் சொல்லலை. தேக்கு, ஈட்டி, கருங்காலின்னு அடுக்கறாங்க.

கருங்காலின்னதும் ஞாபகம் வருது. கொஞ்ச வருஷமா ஆளாளுக்குக் கழுத்துல கருங்காலி மாலை போட்டாங்களே. ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கி, அப்புறம் அது சாயம் ஏத்துன கட்டைன்னு தெரிஞ்சு தலையில கை வெச்சவங்க நம்ம பக்கமே இருக்காங்க. மரத்துக்கு விலை குடுக்க ஆள் இல்லைன்னு சொல்ல முடியாது. மரம் என்னன்னு தெரியாமக் குடுக்கறாங்க. தெரிஞ்சு குடுக்க வைக்கணும்.

கடைசல் நமக்குத் தெரியாத தொழிலும் இல்லைங்க. கட்டில் கால், மத்து, பம்பரம், சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைசல்தான். நெசவும் நூற்பும் நடந்த பூமியில கடைஞ்ச கட்டைச் சாமான் இல்லாத பட்டறை இருந்திருக்குமா? அம்பாசமுத்திரத்துல மரச் சொப்புச் சாமான் கடைஞ்சு அரக்குல நிறம் ஏத்துவாங்க. கர்நாடகத்துல சன்னபட்டணா, ஆந்திராவுல ஏட்டிகொப்பாக்கா ரெண்டு ஊருமே அரக்குக் கடைசல் பொம்மைக்குப் பேரு போனது. அந்த ரெண்டு ஊர்லயும் கடையற மரம் எது தெரியுமா? வெட்பாலை. சொறி, செதில் நோய்க்கு இலையைப் பறிச்சுத் தேங்காயெண்ணெயில வெயில்ல வெச்சு எடுக்கறோமே, அதே வெட்பாலை. சன்னபட்டணாவுல தாழை மடலை வெச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்தறாங்க. நம்ம கரட்டுல அந்த மரம் சும்மா நிக்குது, நமக்கு அது வெறும் எண்ணெய் மருந்து.

பேனாவுலயும் நம்மளுக்கு முன்னோடி உண்டு. திருப்பூர்ல குமரன் கொடியைப் புடிச்சுக்கிட்டு அடி வாங்கிச் செத்தது 1932 ஜனவரியில. அதே 1932லதான் ஆந்திராவுல ராஜமுந்திரியில ரத்னம் பேனா ஆரம்பிச்சது. காந்தி சொன்ன சுதேசி வார்த்தையை வெச்சு எபொனைட்ங்கற கெட்டி ரப்பரைக் கடைஞ்சு பண்ணுன பேனா. வெளிநாட்டுப் பேனாவுக்கு மாத்தா வெச்சுக்கலாம்னு 1935ல காந்தி அவருக்குக் கடிதம் எழுதியிருக்காரு. நம்ம திருவள்ளூர்ல ரங்கான்னு ஒரு குடும்பம் இன்னைக்கும் எபொனைட்டைக் கையால கடைஞ்சு மைப் பேனா பண்றாங்க. அதுலயும் சுருட்டு உருவம் உண்டு. உலகம் பூராவும் வாங்கறாங்க. ஒரு சின்னப் பட்டறை, ஒரு லேத், கை சுத்தம். அவ்வளவுதான் முதல்.

ஆனா சாத்தூரையும் மறக்கக் கூடாது. ஒரு காலத்துல பேனா நிப்புன்னா சாத்தூர். சேவுக்கும் வெள்ளரிக்கும் மட்டுமில்லை, நிப்புக்கும் அந்த ஊர்தான். வீட்டுக்கு வீடு நிப்பு அடிச்சாங்க. பால்பாயின்ட் பேனா வந்துச்சு, தூக்கி எறியற பேனா வந்துச்சு, தொழில் படுத்துப் போச்சு. அவங்க கைத்திறமை குறைஞ்சு போகலை. உலகம் எழுதற விதம் மாறிப் போச்சு. அதனால, "சுருட்டுப் பேனாவுக்கு எதிர்காலம் ஓகோன்னு இருக்கு"ன்னு யாராவது வந்து சொன்னா நம்பாதீங்க. நானும் சொல்ல மாட்டேன்.

குறிப்பா ஒண்ணு. 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்ன ஆச்சுன்னு நம்மளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "நீங்க வளருங்க, நாங்களே வாங்கிக்கறோம், மாசாமாசம் பணம்"னு சொன்னதை நம்பி நகையை வெச்சுப் போட்ட குடும்பங்க எத்தனை? நாளைக்கு இதே மாதிரி ஒருத்தன் வருவான். "மெஷினும் பயிற்சியும் சேர்த்து ஒன்றரை லட்சம், நீங்க கடையற பேனா பூராவும் நாங்களே எடுத்துக்கறோம்"பான். வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க. வாங்கறவன் கையிலேயே மெஷினை விக்கறதும் இருந்தா, அவனுக்கு லாபம் மெஷின்லதான், பேனாவுல இல்லை.

பையனோட கணக்கை அப்படியே வெக்கறேன். அவன் அனுமதியோடதான். பேனாவோட உலோகச் சாமான் கிட்டு 350 ரூபாய். பசை, உப்புத்தாள், கரண்ட், டப்பா எல்லாம் சேர்த்து ஒண்ணுக்கு 60. ஆறுக்கு ஒண்ணு வெடிச்சோ உடைஞ்சோ போகுது, அதுக்கும் ஒரு பங்கு சேர்த்துக்கணும். விக்கறது 900. கையில 450 நிக்குதுன்னு வையுங்க. போன வருஷம் 140 பேனா வித்திருக்கான். 63,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு. இதை வெச்சுக் கம்பெனி வேலையை விட முடியாது. அவனும் விடறேன்னு சொல்லலை. அரை ஷிப்டை மட்டும் விடறேங்கறான்.

தங்கச்சி கேக்கறதும் நியாயந்தானுங்க. "ஏண்ணா, நீயே சொல்லு. ஒரு ஷிப்ட்தான் போறான், மிச்ச நேரம் வீட்டுல கட்டை கடையறான்னா எவ பொண்ணு குடுப்பா? 63,000 ஒரு காசா? அரை ஷிப்ட் போனா அதைவிட வருதே." ஆமாம், வருது. அதை மறுக்கலை.

நான் சொல்றது வேற. நம்ம பிள்ளைங்க பதினெட்டு வயசுல உள்ளே போறாங்க. கைமடியில ஆரம்பிச்சு, ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள்னு ஏறி, நாப்பதுக்குள்ள முதுகு போயி, கண்ணு போயி வெளியே வர்றாங்க. அவங்க தைச்ச லட்சம் பனியன்ல ஒண்ணுலகூட அவங்க பேரு இல்லை. பனியன் மேல இருக்கறது எங்கேயோ இருக்கற கம்பெனிக்காரன் பேரு. விலை வெக்கறதும் அவன், ஆர்டரை நிறுத்தறதும் அவன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப என்ன ஆச்சு? எங்கேயோ ஒருத்தர் போட்ட கையெழுத்துக்கு நம்ம ஊர்ல ஷிப்ட் குறைஞ்சுது. அந்த நேரத்துல ஒரு பயலுக்காவது கையில வேற ஒரு வேலை தெரிஞ்சிருந்தா, அது சின்ன வேலையா இருந்தாலும், அவன் வீட்டுல பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

விவசாயி இதைச் சொல்லாம வேற யாரு சொல்லுவா? நம்ம தாத்தன் காலத்துல ஒரே பயிரை நம்பி யாரும் காடு போடலை. சோளத்துக்குள்ள தட்டை, ஓரத்துல ஆமணக்கு, கட்டுத்தரையில நாலு ஆடு. ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். இப்ப வீட்டுல நாலு பேரு இருந்தா நாலு பேரும் ஒரே கம்பெனி வேன்ல ஏறறாங்க. மானாவாரிக் காட்டுல ஒத்தைப் பயிர் போட்டுட்டு வானத்தைப் பார்க்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அந்த அரை ஷிப்ட் பேனா எனக்கு ஊடுபயிர் மாதிரிதான் தெரியுது. மகசூல் கம்மிதான். ஆனா நிலம் அவனோடது.

இன்னொரு கேள்வியும் வருது. "கிட்டு பூராவும் சைனாக்காரன் பண்றது, இதுல என்ன சுதேசி?" நல்ல கேள்வி. 900 ரூபாயில 350 வெளியே போகுது, அது உறுத்தத்தான் செய்யுது. ஆனா திருப்பூரைச் சுத்தி எத்தனை லேத் பட்டறை இருக்கு? தையல் மெஷினுக்கும், நிட்டிங் மெஷினுக்கும் நுணுக்கமான பாகம் கடையற கைங்க இங்கேயே இருக்கு. பக்கத்துல கோயமுத்தூர் பம்பு செட்டுக்குப் பேரு போன ஊர். ஒரு திருகையும் முனையையும் பித்தளையில கடைய முடியாத ஊரா இது? பத்துப் பேரு பேனா பண்ண ஆரம்பிச்சா பதினோராவது ஆளு அந்தச் சாமானைப் பண்ணுவாரு. ஒருத்தன் மட்டும் பண்ணுனா யாரும் பண்ண மாட்டாங்க.

சரி, என்னதான் பண்ணலாம்ங்கறீங்களா? எனக்குத் தோணுனதைச் சொல்றேன்.

மரம் விக்கறப்ப, விறகு வியாபாரி வர்றதுக்கு முந்தி நடுக்கட்டையில ரெண்டு மூணு அடித் துண்டு ஒண்ணை எடுத்து வெச்சுடுங்க. ரெண்டு முனையிலயும் மெழுகு இல்லைன்னா பழைய பெயின்ட் பூசி, நிழல்ல, தரையில படாம அடுக்குங்க. முனை வழியா சீக்கிரம் காய்ஞ்சாத்தான் கட்டை வெடிக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு பழைய ஆசாரிங்க சொல்லுவாங்க. பச்சைக் கட்டையைக் கடைஞ்சா, ஆறு மாசத்துல மரம் சுருங்கும், உள்ளே இருக்கற பித்தளைக் குழாய் சுருங்காது. நீளவாக்குல பிளந்துக்கும். பேனா வாங்குனவன் அடுத்த வாட்டி நம்மளைத் தேடி வர மாட்டான். நம்ம பாலக்காட்டுக் காத்து இருக்கே, கட்டை காயறதுக்கு அதைவிட என்ன வேணும்?

எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்தறவங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்குப் பரிசு குடுக்கறீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை டைரியும் பேனாவும் குடுக்கறீங்க. கம்பெனி கட்டறதுக்கு அந்த இடத்துல எத்தனை மரம் வெட்டியிருப்பீங்க? அந்த மரத்துலயே பேனா கடைஞ்சு, "இந்த இடத்துல நின்ன வேப்பமரம்"னு ஒரு சீட்டு வெச்சுக் குடுத்துப் பாருங்க. ஸ்டாக் லாட்டுல வாங்குன பேனாவை வந்தவன் ஏர்போர்ட்லயே மறந்துட்டுப் போவான். இதை மறக்க மாட்டான். பள்ளிக்கூடத்துல ரிட்டயர் ஆகற வாத்தியாருக்குச் சால்வை போடறோம். அவர் பீரோவுல ஏற்கெனவே முப்பது சால்வை இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்து மரத்துல கடைஞ்ச பேனா ஒண்ணு குடுத்தா?

கடையற பிள்ளைங்களுக்கும் சொல்லணும். பீஸ் ரேட்ல நம்ம ஊர் பட்ட பாடு போதும். ஒருத்தன் 900க்கு விக்கறான்னு அடுத்தவன் 700, இன்னொருத்தன் 500ன்னு இறங்குனா, கடைசியில எல்லாரும் சேர்ந்து கிட்டு விக்கறவனுக்கு உழைக்கணும். அப்புறம், லேத் கிட்ட நிக்கறப்ப துண்டு, முழுக்கைச் சட்டை, கயிறு, காப்பு எதுவும் ஆகாது. சுத்தற கட்டை துணியைப் புடிச்சா ஆளையே இழுத்துடும். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். பஞ்சுத் தூசியைத் தின்ன நெஞ்சுக்கு மரத்தூள் வேற சேர வேண்டாம்.

தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்லியிருக்கேன். ஒரு வருஷம் குடு. ஒரு ஷிப்ட் சம்பளம் வீட்டுக்கு வரட்டும், அதுல கை வெக்க வேண்டாம். பேனாக் காசைத் தனியா ஒரு கணக்குல போடட்டும். கடன் வாங்கி ரெண்டாவது மெஷின் வாங்கக் கூடாது. வருஷம் முடிஞ்சு 140ங்கறது 250 ஆச்சுன்னா தொடரட்டும், 100க்கு இறங்குனா அவனே திரும்ப ஒன்றரை ஷிப்ட் போவான். அவன் ஒத்துக்கிட்டான். தங்கச்சி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கா. ஆனா போன வாரம் அவங்க வீட்டுக் கிணத்து மேட்டுல சாய்ஞ்ச வாகை மரத்தை விறகுக்காரன் கேட்டதுக்கு, "அடிக்கட்டையை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்க"ன்னு சொல்லியிருக்கா.

உங்க காட்டுலயும் ஏதாவது மரம் விழுந்து கிடந்தா, என்ன மரம், எத்தனை வயசு, யாரு நட்டதுன்னு எழுதி அனுப்புங்க. லாரி வர்றதுக்கு முந்தி அனுப்புங்க.